"பி.பி. இல்ல மாஸ்டர், மாத்திரை போடறேன்"

பெரியவர்களுக்கு யோகா சொல்லித்தரப் புதிதாக வருகிறவர்கள், எந்த ஆசனத்தில் ஆரம்பிக்கலாம் என்றுதான் என்னிடம் கேட்பார்கள். விசாரணையில் ஆரம்பியுங்கள் என்பேன். அதையும் பார்த்துக் கேட்க வேண்டும். "உடம்புக்கு ஏதாவது இருக்கா சார்?" என்றால், ஐம்பது வயதுக்காரர் யோசிக்காமல் "ஒண்ணுமில்ல மாஸ்டர்" என்பார். பி.பி.? "நார்மல்தான், மாத்திரை போடறேனே." மாத்திரையால் அடங்கிக் கிடப்பதை நம் ஊரில் யாரும் நோய்க் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆகவே நான் நோயைக் கேட்பதில்லை. காலையில் என்ன மாத்திரை, ராத்திரி என்ன மாத்திரை, கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுகிறீர்களா, எங்காவது ஆபரேஷன் ஆகியிருக்கிறதா? இப்படிக் கேட்டால் எல்லாம் வெளியே வரும்.

சொட்டு மருந்தைக் கேட்பதற்குக் காரணம் கிளாக்கோமா. தலை கீழே போனால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறும். சிரசாசனத்தில் மட்டுமல்ல, சாதுவாகத் தெரிகிற அதோமுக சுவானாசனத்திலும் ஏறும். சுவரில் கை ஊன்றி, தலையை இடுப்பு மட்டத்துக்குக் கீழே விடாமல் செய்தால் தோளுக்கும் தொடைக்கும் வேண்டிய நீட்சி கிடைத்துவிடும். எலும்பு அடர்த்தி குறைந்தவர்களுக்கு, முக்கியமாக மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு, முதுகை வளைத்துக் குனியும் பச்சிமோத்தானாசனம் ஆபத்து; தண்டுவட எலும்பின் முன்பக்கம் நசுங்கலாம். மல்லாந்து படுத்து, பாதத்தில் துண்டைப் போட்டுப் பிடித்துக் காலை உயர்த்தட்டும்.

சர்க்கரைக்காரர்களிடம் வேறு சிக்கல். யோகா என்றால் வெறும் வயிறு என்று யாரோ சொல்லியிருப்பார்கள். இன்சுலின் போட்டுக்கொண்டு, காபிகூடக் குடிக்காமல் பக்தியோடு வந்து நிற்பார்கள். கை நடுங்கி வியர்த்தால் அது ஆசனத்தின் பலன் இல்லை, சர்க்கரை இறங்குகிறது. என் அலமாரியில் குளுக்கோஸ் பாக்கெட் எப்போதும் இருக்கும். ஊசி, சாப்பாடு, வகுப்பு மூன்றுக்கும் நேரத்தை டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

விறைத்த உடம்புக்காரரைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. அவர் தசையே அவரை நிறுத்திவிடும். சின்ன வயதில் பரதநாட்டியம் ஆடியவர், எடுத்த எடுப்பில் நெற்றியை முட்டியில் வைப்பவர், அவரைத்தான் விடாமல் கவனிப்பேன். தசையைத் தாண்டி மூட்டு நார்களில் தொங்குவார். பின்தொடைத் தசைநார் உட்காரும் எலும்போடு சேருகிற இடத்தில் ஒரு வலி பிடிக்கும். பிடித்தால் மாதக்கணக்கில் போகாது. அவருக்கு முட்டியை லேசாக மடக்கி வைப்பதுதான் பயிற்சி. செய்ய வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

இழுக்கிறதா, குத்துகிறதா என்று நடுநடுவே கேட்பேன். தசையின் நடுவே இழுத்தால் சரி. மூட்டில் குத்தினாலோ கால் விரல் வரை மரத்தாலோ வெளியே வர வேண்டும். உடம்பு சூடேறிய பிறகு ஒரு நீட்சிக்கு முப்பது விநாடி போதும், வயதானவர்களுக்கு ஒரு நிமிடம் வரை. மாணவர் முதுகில் கை வைத்து அழுத்துகிற ஆசிரியரிடம் நான் பாய் விரிக்க மாட்டேன்.

1930-களில் மைசூர் அரண்மனையில் யோகா ஆசிரியர் கிருஷ்ணமாச்சாரியார் பையன்களுக்குத் துள்ளிக் குதிக்கிற வரிசைகளைச் சொல்லித்தந்தார். அவரே பிறகு சென்னைக்கு வந்து, ஒவ்வொருவரையும் தனித்தனியே பார்த்து, அவரவர் வயதுக்கும் உடம்புக்கும் தக்கபடி மாற்றித் தந்தார். மகன் தேசிகாச்சார் 1976-ல் சென்னையில் தொடங்கிய யோக மந்திரம் என்ற யோகா நிலையமும் அந்த வழிதான். நாம் என்னவோ பையன்களின் பாடத்தை எடுத்து ஓய்வுபெற்றவர்களுக்கு நடத்திக்கொண்டிருக்கிறோம்.

மூச்சிலும் அப்படித்தான். டிவியைப் பார்த்துக் கபாலபாதி கேட்பார்கள். ரத்த அழுத்தம், குடலிறக்கம், கர்ப்பம் இருந்தால் கிடையாது. இதய நோயாளிக்கு மூச்சை அடக்கும் கும்பகமும் கிடையாது. இழுப்பதைவிடக் கொஞ்சம் நீளமாக விடுங்கள், அது போதும்.

சவாசனத்தில் கண்ணை மூடினால் படபடப்பு வருகிறவர்கள் உண்டு. திறந்தே வைத்திருக்கட்டும், வேண்டுமானால் நாற்காலியில் உட்காரட்டும். முடிந்ததும் வலப்பக்கம் ஒருக்களித்து, கை ஊன்றி உட்கார்ந்து, நாலு மூச்சு விட்ட பிறகே எழ வேண்டும். பி.பி. மாத்திரை போடுகிறவர்கள் சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். அந்த "நார்மல்" சார் எழுந்து நிற்கும் வரை நான் பாய் சுருட்டப் போவதில்லை.