வீட்டில் ஜெனரேட்டர் வைப்போர் கவனத்திற்கு

2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் விடியுமுன், கஜா புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரையைக் கடந்தது. ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. உட்கிராமங்கள் பலவற்றில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. மேல்நிலைத் தொட்டிக்கு நீரேற்றவும் வாடகை ஜெனரேட்டரையே நம்ப வேண்டியதாயிற்று. அத்தகைய நாட்களை எண்ணிச் சொந்தமாகவே ஒரு சிறு ஜெனரேட்டர் வாங்க விரும்புவோர் நம்மிடையே உண்டு. அதனை வைக்கும் முறையில் இரண்டு அபாயங்கள் உள்ளன. ஒன்று வீட்டாரைக் கொல்லும். மற்றொன்று அயலாரைக் கொல்லும்.

முதலாவது புகை. எரிபொருள் எரியும்பொழுது கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமுமில்லை. இரத்தத்தில் பிராணவாயு சேரவேண்டிய இடத்தை, அதனினும் இருநூறு மடங்குக்கு மேற்பட்ட பற்றுடன் இது பிடித்துக்கொள்கிறது. தலைவலி, மயக்கம், உறக்கத்திலேயே மரணம் என முடியும். மழைக்கும் திருட்டுக்கும் அஞ்சி இயந்திரத்தைத் திண்ணையிலோ மாடிப்படியின் கீழோ வைத்துவிடுகிறோம். சன்னலைத் திறந்தால் போதும் என்பாரும் உளர், போதாது. வீட்டுக்கு இருபது அடியேனும் தள்ளி, புகைக்குழல் வீட்டை நோக்காதவாறு, வெளியிலேயே வைத்தல் வேண்டும். மேலே கூரையிட்டு நாற்புறமும் திறந்துவிடுக. திருட்டுக்குச் சங்கிலியும் பூட்டும் உள்ளன.

இரண்டாவதைப் பலர் அறியார். ஜெனரேட்டரின் வயரைச் சுவரிலுள்ள பிளக்கில் செருகினால் வீடு முழுவதும் விளக்கெரியும், உண்மைதான். ஆனால் அம்மின்சாரம் மீட்டரைக் கடந்து தெருக் கம்பிக்கும், அங்கிருந்து டிரான்ஸ்பார்மருக்கும் செல்லக்கூடும். 11,000 வோல்ட்டைக் குறைத்துத் தரும் அதே டிரான்ஸ்பார்மர், எதிர்த்திசையில் வரும் 230 வோல்ட்டை ஆயிரக்கணக்கில் உயர்த்திவிடும். லைன் நிறுத்தப்பட்டுள்ளதென நம்பிக் கம்பமேறிய ஊழியரின் கதி என்ன? அவர் நம் ஊருக்கு வெளிச்சம் தர வந்தவரல்லவா?

மெயினை அணைத்தோம் என்னும் ஞாபகத்தை நம்பலாகாது. சேஞ்ச் ஓவர் சுவிட்ச் ஒன்றைப் பொருத்துவதே முறை. வாரிய மின்சாரம், ஜெனரேட்டர் இவ்விரண்டில் ஒன்றையே அது ஒரு சமயத்தில் வீட்டுடன் இணைக்கும். பேஸுடன் நியூட்ரலையும் சேர்த்துத் துண்டிக்கும் வகையாக அது இருத்தல் அவசியம். இதனையும் எர்த் இணைப்பையும் உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரரைக் கொண்டே செய்விக்க வேண்டும். பெட்ரோலை, இயந்திரத்தை நிறுத்தி ஆறவிட்ட பின்னரே ஊற்றுக.

ஊராட்சி உறுப்பினர்கள் ஐப்பசி பிறக்குமுன், தத்தம் வார்டில் ஜெனரேட்டர் உள்ள வீடுகளைக் குறித்து மின்வாரியப் பிரிவு அலுவலகத்திற்குக் கொடுத்துவிடலாம். கம்பியை எர்த் செய்தபின் ஏறுவதே ஊழியர்க்கு விதியாயினும், எந்த வீட்டில் முதலில் விசாரிப்பதென்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.