மருந்தும் சிறுநீரும்

முடிச்சூருக்கு அண்மையிலுள்ள தாம்பரம் சானடோரியம், 1928-ஆம் ஆண்டில் டாக்டர் சௌரி முத்து அவர்களால் காசநோயாளர்க்கென நிறுவப்பட்டது. அந்நோய்க்குரிய மருந்துகளைக் கொண்டே தாதியர் கடமையொன்றை ஈண்டு ஆராய்வோம்.

ஆள், மருந்து, அளவு, வேளை, வழி என்னும் ஐந்தையும் சரிபார்த்தே மருந்தளித்தல் வேண்டும். அதன்பின் சிறுநீரையும் நோக்குதல் வேண்டும். ரிபாம்பிசின் உண்டார்க்கு அது செம்மஞ்சளாகும், தீங்கில்லை. இதனை முன்னரே உரையாவிடின், உதிரமென்றஞ்சி மருந்தை நிறுத்திவிடுவர், நோயோ முற்றும். கண்ணும் மஞ்சளித்துச் சிறுநீர் கறுத்த தேநீர்போலாயின் ஈரல் கெட்டிருக்கலாம். அடுத்த வேளை மருந்துக்கு முன்னரே மருத்துவர்க்கு அறிவித்தல் வேண்டும்.

ஸ்ட்ரெப்டோமைசின் சிறுநீரகவழியே கழிவது. வளர்ந்தோர்க்குச் சிறுநீர் மணிக்கு 30 மில்லிலிட்டரிற் குறையின், அம்மருந்து உடலிற்றங்கிச் செவியைக் கெடுக்கக்கூடும். ஆதலின், சிறுநீரை அளந்து குறித்தலும் மருந்தளித்தலின் ஒரு பகுதியே எனத் தெளிவோமாக.