மலைத் தண்ணீர் கொழும்புக்குப் போகும் வழி



சில மாதங்களுக்கு முன் பணியக் கணக்கு அம்மா ஒருவர் என் ஆபீசுக்கு வந்தார். அவர் மகன் கொட்டாஞ்சேனையில் ஒரு கடையில் வேலை செய்கிறான். "ஐயா, ரேடியோவில நாகலகம் வீதி அஞ்சடி, ஆறடின்னு சொல்றாங்களே, அது என்னாங்க? எம் மகன் இருக்கிற எடத்துக்கு ஏதும் ஆபத்தா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. நம்முடைய பிள்ளைகளில் எத்தனையோ பேர் கொட்டாஞ்சேனைக் கடைகளிலும் வெள்ளவத்தை வீடுகளிலும் வேலைக்கு இருக்கிறார்கள். ஆகவே இந்த முறை பாடம் களனி கங்கையைப் பற்றியது.

களனி கங்கை எங்கோ பிறந்த ஆறு அல்ல. பொகவந்தலாவைப் பக்கம் ஓடி வரும் கெசல்கமு ஓயாவும், சிவனொளிபாத மலைப் பக்கம் இருந்து இறங்கும் மஸ்கெலி ஓயாவும் சேர்ந்ததுதான் அது. மலைக்குப் போகும்போது சீத கங்குலவில் குளித்திருப்பீங்களே, அந்தத் தண்ணீரும் இதில்தான் சேருகிறது. அங்கிருந்து கித்துல்கலை, யட்டியாந்தோட்டை, ருவன்வெல்லை, அவிசாவளை, ஹங்வெல்லை, கடுவலை, களனி என்று போய், கொழும்புக்கு வடக்கே முகத்துவாரத்தில் கடலில் விழுகிறது. மொத்தம் ஏறக்குறைய 145 கிலோமீற்றர். இலங்கையின் பெரிய ஆறுகளில் இதுவும் ஒன்று.

இதில் கவனிக்க வேண்டியது ஆற்றின் சரிவு. மலையில் அது படிக்கட்டில் குதிக்கிற பிள்ளை மாதிரி இறங்குகிறது. அதனால்தான் மின்சாரம் எடுக்க முடிந்தது. விமலசுரேந்திர என்ற பொறியியலாளர் நெடுங்காலம் வாதாடிய திட்டம் அது. 1950இல் லக்சபான மின்நிலையம் வேலை தொடங்கியது. பிறகு காசல்ரீயும், 1960களின் கடைசியில் மவுஸ்ஸாகலையும் கட்டி முடிந்தன. மவுஸ்ஸாகலைக்காகப் பழைய மஸ்கெலியா டவுனே தண்ணீருக்குள் போனது. வறட்சியில் நீர் வற்றும்போது பழைய கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் தலைகாட்டும். பெரியவர்கள் கரையில் நின்று, எந்தக் கடை எங்கே இருந்தது என்று பேரப்பிள்ளைகளுக்குக் கையை நீட்டிக் காட்டுவார்கள்.

ஆனால் ஹங்வெல்லையைத் தாண்டிய பிறகு கங்கைக்குச் சரிவே இல்லை என்று சொல்லலாம். வேகம் குறைந்தால் தண்ணீர் பக்கவாட்டில்தான் பரவும். அப்படிப் பரவிப் பரவி, மலையிலிருந்து கொண்டு வந்த வண்டல் மண்ணைப் போட்டு உண்டான நிலம்தான் கடுவலை, கொலன்னாவை, வெல்லம்பிட்டிய, களனி எல்லாம். சொந்தக்காரன் கங்கைதான். மனுசன் பிறகு வந்தவன்.

மனுசன் வந்ததிலும் ஒரு நியாயம் இருந்தது. வண்டல் மண்ணில் நெல்லும் மரக்கறியும் நன்றாக விளையும். ரோட்டு இல்லாத காலத்தில் ஆறே ரோட்டு. சீதாவாக்கை அரசு 16ஆம் நூற்றாண்டில் இந்த ஆற்றோரத்தில்தான் அவிசாவளையில் இருந்தது. களனி விகாரை கரையிலேயே இருக்கிறது. கோட்டை இராசதானிக்குச் சுற்றிலும் இருந்த சதுப்பு நிலமே காவல். பிறகு ஒல்லாந்தர் கால்வாய் வெட்டினார்கள். அந்தக் கால்வாய்கள் இன்றும் இருக்கின்றன. வெள்ளவத்தையிலும் ஒரு கால்வாய் காலி வீதிக்குக் கீழே போய்க் கடலில் விழுகிறது. அதற்கும் நம் மலைக்கும் நேரே தொடர்பில்லை. அது கொழும்பில் விழுகிற மழையை வடிக்கிறது. கொட்டாஞ்சேனைக்கு அடுத்த கிராண்ட்பாஸ் என்ற பெயரே போர்த்துக்கீசர் சொன்ன பெரிய தோணித்துறை என்பதிலிருந்து வந்தது. வெள்ளைக்காரன் அங்கே படகுகளை வரிசையாகக் கட்டிப் பாலம் போட்டான். 1895இல் விக்டோரியா பாலம் வந்தது.

பழைய ஆட்கள் வீட்டை மேட்டில் கட்டி, வயலைப் பள்ளத்தில் வைத்தார்கள். வெள்ளம் வந்தால் வயல் நனையும், வீடு தப்பும். 1924இல் வெள்ளப் பாதுகாப்புக்கென்று சட்டம் வந்தது. கொழும்பைக் காக்க ஆற்றோரம் மண்ணால் அணைக்கரையும் உயர்த்தினார்கள். இது பெரிய உதவிதான், மறுக்க முடியாது. ஆனால் அணைக்கு வெளியே, ஆற்றுப் பக்கம் இருப்பவனுக்கு அது காவல் அல்ல. அணைக்கு உள்ளே இருந்தவர்களோ, பயம் போய்விட்டது என்று சதுப்பை நிரப்பி வீடு கட்டத் தொடங்கினார்கள். 1968இல் தாழ்நிலங்களை மீட்க ஒரு சபையே அமைந்தது. தண்ணீர் தங்கி இளைப்பாறிய இடமெல்லாம் ஒவ்வொன்றாகக் குறைந்தது. கொலன்னாவைச் சதுப்பின் ஓரத்தில் மீதொட்டமுல்லையில் குப்பையை மலையாகக் குவித்தார்கள். 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு அன்று அது சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அங்கே வீடு கட்டியிருந்தவர்கள் வேறு இடத்தில் காணி வாங்க வசதி இல்லாதவர்கள். இதை எழுதும்போது எனக்கு லயத்து ஆட்களின் முகம்தான் ஞாபகம் வருகிறது.

பெரிய வெள்ளங்கள் 1947இலும் 1989இலும் வந்தன. 2016 மே மாதம் வந்ததை நம்மில் பலர் கண்ணால் கண்டோம். அதே மழையில் மேலே புளத்கொஹுபிட்டியவில் ஒரு தோட்டத்து லயத்தை மண் மூடியது. கீழே கொலன்னாவை, வெல்லம்பிட்டியவில் வீட்டுக்குள் தண்ணீர். அப்போது என் அக்கா மகன் வெல்லம்பிட்டியவில் ஒரு கீழ்வீட்டு ரூமில் இருந்தான். வாடகை குறைவு என்று எடுத்தது. "மழை விட்டுருச்சு மாமா, இனிப் பயமில்ல" என்று போனில் சொன்னான். நானும் சரி என்றேன். அடுத்த நாள் இரவு கட்டிலுக்கு மேலே தண்ணீர். உயிர் தப்பியது, சர்ட்டிபிகேட் எல்லாம் போய்விட்டது. எனக்கு அப்போது தெரியாத விசயம் இதுதான்: மலையில் பெய்த மழை கொழும்புக்கு வந்து சேர நேரம் எடுக்கும். அங்கே வெயில் அடிக்கும்போதுகூட ஆறு ஏறிக்கொண்டிருக்கும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளி வந்தபோதும், மேலே மண்சரிவு, கீழே களனி வெள்ளம் என்று இரண்டும் சேர்ந்தே வந்தன. நாடு முழுதும் 600க்கு மேற்பட்ட உயிர்கள் போயின.

"காசல்ரீ, மவுஸ்ஸாகலை அணை இருக்கே, பிடிச்சு வைக்காதா?" என்று சிலர் கேட்கிறார்கள். கொஞ்சம் பிடிக்கும். ஆனால் அவை மின்சாரத்துக்குக் கட்டியவை. நிரம்பிவிட்டால் வழியத்தான் செய்யும். அதோடு கித்துல்கலை, யட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பக்கம் கொட்டுகிற மழை அந்த இரண்டு அணைக்கும் கீழே விழுகிறது. அதை மறிக்க அங்கே பெரிய குளம் ஒன்றும் இல்லை.

நம் பங்கும் இதில் உண்டு. காடழித்துக் கோப்பியும் பிறகு தேயிலையும் வைத்த நாளிலிருந்து மண் இறங்கிக்கொண்டே இருக்கிறது. கவ்வாத்து வெட்டிய மலையில் காண் தூர்ந்து கிடந்தால், ஒரு மழைக்கு ஓயா தேத்தண்ணி நிறமாகிவிடும். காண் வெட்டுகிறவர்கள் செய்வது சின்ன வேலை என்று யாரும் நினைக்க வேண்டாம். கொழும்பு குடிக்கிற தண்ணீரில் பெரும் பங்கை அம்பத்தலையில் இதே ஆற்றிலிருந்துதான் எடுக்கிறார்கள்.

இனி அந்த அம்மாவின் கேள்வி. நாகலகம் வீதி என்பது கிராண்ட்பாஸில் ஆற்றோரம் இருக்கிறது. அங்கே நீர்ப்பாசனத் திணைக்களத்தின் அளவுகோல் உண்டு. 5 அடி என்றால் சிறு வெள்ளம், 7 அடியைத் தொட்டால் பெரு வெள்ளம். அதற்கு முன்பே ஹங்வெல்லை அளவைச் சொல்வார்கள். அங்கே ஏறினால் பிறகு கொழும்பில் ஏறும். கொட்டாஞ்சேனை பெரும்பாலும் மேட்டு நிலம். மட்டக்குளியில் ஆற்றோரமாக இருந்தால் கதை வேறு. வெள்ளவத்தையில் கால்வாய்க் கரையில் இருப்பவர்கள் கொழும்பு மழையைத்தான் பார்க்க வேண்டும். அந்த அம்மாவிடம் மகனுக்குப் போன் போட்டு மூன்று விசயம் கேட்கச் சொன்னேன்: ரூம் கீழ்வீடா மேல்வீடா, ஆற்றுக்கு எவ்வளவு தூரம், 2016இல் அந்தச் சுவரில் தண்ணீர் எதுவரை நின்றது. கடைசிக் கேள்வியை வீட்டுக்காரரிடம் கேட்கக் கூடாது, பக்கத்துக் கடைக்காரரிடம் கேட்க வேண்டும் என்றும் சொன்னேன்.

மறுநாள் பிள்ளைக்காம்பரா வாசலில் அம்மாவைக் கண்டேன். "மேல்வீடாம் ஐயா" என்று சிரித்தார். பிறகு, "நம்ம பணிய லயம் ஓயாவுக்கு எவ்வளவு தூரம்னு நீங்க அளந்தீங்களா?" என்று கேட்டார். அளக்கவில்லை. மேலே உள்ள சரிவைப் பார்க்கத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தை அழைக்கும்படி பிரதேச செயலகத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். பதில் வந்ததும் இதே பக்கத்தில் அறிவிப்பேன்.