தூக்குநூல் காட்டும் தீர்ப்பு

எபிரெய வேதாகமத்தின் தீர்க்கதரிசன நூல்களைப் படிக்கும் அன்பர்கள் பலருக்கும் ஓர் ஐயம் எழுகிறது. கருணையுள்ள கடவுள் "அழிப்பேன்" என்று ஏன் சொல்கிறார்? இதற்கு விடை தேட, ஒன்பதே அதிகாரங்கள் கொண்ட ஆமோஸ் நூல் நல்ல பாடம்.

ஆமோஸ் யார்?

யூதா நாட்டின் தெக்கோவா ஊரைச் சேர்ந்த ஆட்டு மந்தைக்காரர். காட்டத்தி மரங்களையும் பராமரித்தவர். கி.மு. 8-ஆம் நூற்றாண்டில், இரண்டாம் யெரொபெயாம் ஆண்ட வடநாடாகிய இஸ்ரவேலுக்குச் சென்று பேசினார். நாட்டில் செல்வம் இருந்தது. ஆனால் ஏழை ஒரு ஜோடி செருப்புக்கு விற்கப்பட்டான். அளவுப்படி சிறுத்தது, தராசு பொய் சொன்னது.

எட்டாவது பெயர்

தமஸ்கு, காசா, தீரு, ஏதோம், அம்மோன், மோவாப், யூதா என ஏழு அயலாரின் குற்றங்களை அவர் முதலில் அடுக்குகிறார். கேட்டவர்கள் மகிழ்ந்து தலையாட்டியிருப்பார்கள். எட்டாவதாக வருவது இஸ்ரவேல்! குற்றப்பட்டியலும் அங்கேதான் நீளம். தேர்ந்தெடுக்கப்பட்ட மக்கள் என்பது சலுகையல்ல, கூடுதல் பொறுப்பு என்பது அவர் வாதம்.

மதிலும் தூக்குநூலும்

ஏழாம் அதிகாரத்தில் வெட்டுக்கிளி, தீ என இரு காட்சிகள். ஆமோஸ் மன்றாட, கடவுள் மனமிரங்கி நிறுத்துகிறார். மூன்றாவதில் மதிலருகே கடவுள் நிற்கிறார், கையில் தூக்குநூல். (அந்த எபிரெயச் சொல்லுக்கு வெள்ளீயம் என்று பொருள் கொள்வோரும் உண்டு.) கட்டட வேலை தெரிந்தவர்களுக்கு இது உடனே விளங்கும். தூக்குநூல் சுவரைச் சாய்ப்பதில்லை, சாய்ந்திருப்பதைக் காட்டுகிறது. சாய்ந்த சுவரை அப்படியே விட்டுவைப்பது, அதனடியில் குடியிருக்கும் ஏழைக்குக் கருணையாகாது.

கி.மு. 722 வாக்கில் சமாரியா அசீரியரிடம் வீழ்ந்தது. அதில் நல்லவர்களும் அகப்பட்டிருப்பார்களே? கேட்கவேண்டிய கேள்விதான். தம்மைவிட நீதியுள்ளவனைத் துன்மார்க்கன் விழுங்கலாமா என்று ஆபகூக் தீர்க்கதரிசியே பின்னாளில் கடவுளிடம் முறையிடுகிறார். அப்படிக் கேட்டதற்காக அவர் தண்டிக்கப்படவில்லை.

சிவப்பு விளக்கு

யோனா நூலில் நினிவே மக்கள் திருந்தினார்கள். அறிவித்த அழிவு வரவில்லை. எரேமியா 18-ஆம் அதிகாரமும் இதையே விதியாகச் சொல்கிறது. ரயில் பாதையில் சிவப்பு விளக்கு எரிவது விபத்தை முன்கூட்டி அறிவிப்பதற்கல்ல, தடுப்பதற்கு.

ஆகவே எங்கோ பூகம்பமோ வெள்ளமோ வந்தால், "அவர்கள் பாவத்திற்குத் தண்டனை" என்று நாம் தீர்ப்பெழுதுவது இந்நூலைத் தலைகீழாகப் படிப்பதாகும். ஆமோஸ் சோதித்தது எதிரே நின்று கேட்டவர்களின் தராசை. விழுந்த கூடாரத்தை மீண்டும் எடுத்துக் கட்டும் வாக்குறுதியோடுதான் நூலும் முடிகிறது.

வீட்டில் செய்ய: எட்டாம் அதிகாரத்தைப் பிள்ளைகளோடு வாசியுங்கள். அங்கே வியாபாரி செய்யும் தவறுகளில் எவை நம்மிடமும் உண்டு என்று பேசிப் பாருங்கள்.