பிஸ்கட்டா, பாசமா?

கேள்வி: பிள்ளைகள் பள்ளி விட்டு வரும் நேரத்துக்கு எங்கள் நாய் மணி வாசலில் போய் உட்கார்ந்துகொள்கிறான். “எல்லாம் பிஸ்கட்டுக்காகத்தான்” என்கிறார் என் கணவர். அப்படியா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: டோக்கியோவின் ஷிபுயா ரயில் நிலையத்தில் தன்னை வளர்த்த பேராசிரியர் உயேனோவுக்காகக் காத்திருந்த ஹாச்சிகோ என்ற நாயைப் பற்றியும் இப்படிச் சொன்னவர்கள் உண்டு. அங்கே விற்கும் கோழிக்கறிக்காக வருகிறதாம்! கறிக்கு ஆசைப்பட்டிருக்கும், நாய்தானே. ஆனால் பேராசிரியர் இறந்தது 1925இல். பத்திரிகையில் செய்தி வந்து ஊரே கொஞ்சத் தொடங்கியது 1932இல். நடுவே அதற்குக் கிடைத்தது பெரும்பாலும் விரட்டல்தான். அப்படியும் 1935இல் சாகும்வரை வந்தது.

ஆராய்ச்சியும் இருக்கிறது. நாயும் வளர்ப்பவரும் வெகுநேரம் கண்ணோடு கண் பார்த்தால் இருவர் உடம்பிலும் ஆக்ஸிடோசின் கூடுவதை ஜப்பானிய விஞ்ஞானிகள் 2015இல் கண்டார்கள். தாய்க்கும் சேய்க்கும் நடுவே வேலை செய்கிற அதே ஹார்மோன். மனிதர் வளர்த்த ஓநாய்களிடம் இது நடக்கவில்லை.

மணிக்கு பிஸ்கட்டும் பிடிக்கும், பிள்ளைகளையும் பிடிக்கும். சந்தேகம் தீராவிட்டால், ஒரு மாதம் பிஸ்கட் போடும் வேலையை உங்கள் கணவரிடமே விடுங்கள். மாலையில் மணி யாரைத் தேடி வாசலுக்குப் போகிறான் என்று அவரே பார்க்கட்டும்.