காலி திரும்பும் வழி: வீட்டு அபாயக் கழிவும் கடைக்காரர் பங்கும்



சோடா, கலர் வியாபாரம் பார்த்தவர்களுக்கு ஒரு கணக்கு நன்றாகத் தெரியும். முழு பாட்டில் எத்தனை போயிற்று என்று எழுதும் அதே நோட்டில், காலி எத்தனை வந்தது என்றும் எழுத வேண்டும். காலி வராவிட்டால் அடுத்த சரக்கு ஏறாது. இன்று நம் கடைகளில் விற்கும் பல பொருள்களுக்குப் போகிற வழி மட்டுமே இருக்கிறது, திரும்புகிற வழி இல்லை. அவற்றுள் சில, சாதாரணக் குப்பையில் விழுந்தால் மனிதருக்குக் கேடு செய்பவை. அவற்றைப் பற்றி வணிகர் தெரிந்துகொள்ள வேண்டியதை இங்கே பாடமாகத் தருகிறேன்.

1. எவை அபாயக் கழிவு?

மத்திய அரசின் 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள், மக்கும் குப்பை, மக்காத குப்பை என்ற இரண்டோடு, வீட்டு அபாயக் கழிவு என்று மூன்றாவதாக ஒரு வகையையும் பிரித்துக் காட்டின. பெயிண்ட் டப்பா, பூச்சி மருந்து டப்பா, சி.எப்.எல். பல்பு, டியூப் லைட், காலாவதியான மருந்து, உடைந்த பாதரச வெப்பமானி, தீர்ந்த பேட்டரி, பயன்படுத்திய ஊசி ஆகியவை அதில் அடங்கும். இவற்றை வாங்கி வைக்க 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு மையம் வீதம் உள்ளாட்சி அமைப்புகள் ஏற்படுத்த வேண்டும் என்றும் அவ்விதிகள் கூறின. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும்படி அறிவிக்கப்பட்ட புதிய விதிகள் குப்பையை நான்காகப் பிரிக்கச் சொல்கின்றன. ஈரக் கழிவு, உலர் கழிவு, சுகாதாரக் கழிவு, தனிக் கவனம் வேண்டிய கழிவு என்பவை அந்த நான்கு. நாம் பேசும் பல்பும் பெயிண்டும் மருந்தும் இந்த நான்காவது வகையில் வருகின்றன.

இந்தப் பட்டியலை வியாபாரியின் கண்ணால் ஒருமுறை பாருங்கள். ஹார்டுவேர் கடை, எலக்ட்ரிக்கல் கடை, மருந்துக் கடை, உரக்கடை, மளிகைக் கடை என ஏதோ ஒரு கடையின் மேசையைத் தாண்டித்தான் இவை ஒவ்வொன்றும் வீட்டுக்குள் போயின. ஆகவே வாடிக்கையாளர் இவற்றைத் திருப்பிக் கொண்டுவர மிகவும் தெரிந்த இடமும் அந்தக் கடைதான்.

2. குப்பையில் போட்டால் என்ன ஆகும்?

பாதரசம்: ஒரு சி.எப்.எல். பல்பில் இருப்பது சில மில்லிகிராம்தான். ஆனால் பல்பு உடைந்ததும் அது ஆவியாகிக் காற்றில் கலக்கும். குப்பை வண்டியில் நாள்தோறும் பல பல்புகளை உடைத்து அழுத்தும் தொழிலாளி அதைத்தான் சுவாசிக்கிறார். பாதரசம் நரம்பையும் சிறுநீரகத்தையும் தாக்கும்.

பழைய சாமானை எடைக்குப் போட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று எண்ணுகிறோம். கொடைக்கானலில் நடந்ததை நினைத்துப் பார்க்க வேண்டும். 2001 மார்ச்சில், அங்கிருந்த வெப்பமானித் தொழிற்சாலையிலிருந்து வந்த, பாதரசம் கலந்த 7.4 டன் உடைந்த கண்ணாடி, மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய சாமான் கடையில் கிடந்தது வெளியே தெரிந்தது. தொழிற்சாலை மூடப்பட்டது. 2003-ல் ஏறத்தாழ 290 டன் பாதரசக் கழிவு அமெரிக்காவுக்குக் கப்பலேற்றப்பட்டது. அது பெரிய தொழிற்சாலை, நம் விஷயம் ஒற்றைப் பல்பு. ஆனாலும் பாடம் ஒன்றுதான். எடைக்கு வாங்குபவர் கண்ணுக்குக் கண்ணாடி மட்டுமே தெரியும், அதற்குள் இருக்கும் பாதரசம் தெரியாது.

ஈயம்: இன்வெர்ட்டர், வாகன பேட்டரியின் எடையில் பாதிக்கு மேல் ஈயம். அதைக் கொல்லைப்புறத்தில் உடைத்து, ஆசிட்டைச் சாக்கடையில் ஊற்றி, ஈயத்தை உருக்கினால், புகையும் தூசியும் அக்கம்பக்கத்துக் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும்.

லித்தியம்: செல்போன் பேட்டரி நசுங்கினாலோ அதன் முனைகள் உலோகத்தில் பட்டாலோ தீப்பிடிக்கும். அட்டையும் சாக்கும் நிறைந்த கோடவுனில் ஒரு பேட்டரி போதும், மொத்தச் சரக்கும் சாம்பலாக. பட்டன் செல்லைக் குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்து போகலாம். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஊசி: இன்சுலின் ஊசியைப் பையில் போட்டு எறிந்தால், அது தூய்மைப் பணியாளர் கையில் குத்தும். மஞ்சள் காமாலைக் கிருமி உள்ளிட்டவை அவ்வழியே தொற்றும்.

3. திரும்பும் வழி நமக்குப் புதிதல்ல

2001-ஆம் ஆண்டு பேட்டரி விதிகளே, புது பேட்டரி விற்கும் டீலர் பழையதைத் திரும்ப வாங்கி, அதற்குத் தக்க தள்ளுபடி தர வேண்டும் என்றன. பழசைக் கொடுத்துப் புதுசு வாங்கும் வழக்கத்துக்குச் சட்டமும் துணை நின்றது. அவ்விதிகளுக்குப் பதிலாக வந்த 2022-ஆம் ஆண்டு விதிகள், டார்ச் லைட் பேட்டரி, செல்போன் பேட்டரி என எல்லா வகைக்கும் பொருந்தும். திரும்பச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை அவை தயாரிப்பாளர் மேல் வைத்துள்ளன. குறுக்குக் கோடு போட்ட சக்கரக் குப்பைத்தொட்டிப் படம் பேட்டரியில் இருந்தால், இதைக் குப்பையில் போடாதே என்று பொருள். அந்தப் படத்தைக் கடை ஊழியருக்குக் காட்டிக் கொடுங்கள்.

கொஞ்சம் பணம் பிடித்து வைத்தால் காலி தானாக வரும் என்பதற்கும் சான்று இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவையொட்டி, 2022 மே மாதம் நீலகிரி மாவட்ட மதுக்கடைகளில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலியைக் கொடுத்ததும் அந்தப் பணத்தைத் திருப்பித் தரும் முறை தொடங்கியது. பின்னர் வேறு மாவட்டங்களுக்கும் அது வந்தது. நம் பழைய சோடாக் கடைக் கணக்குத்தான் இது.

4. கடையில் செய்ய வேண்டியவை

அ) தீர்ந்த டார்ச், கடிகார பேட்டரிகளுக்கு மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா ஒன்றை மேசைமேல் வையுங்கள். பட்டன் செல், லித்தியம் பேட்டரி வந்தால் முனைகளில் செலோ டேப் ஒட்டியே போட வேண்டும்.

ஆ) உப்பிய செல்போன் பேட்டரியை அமுக்கவோ குத்தவோ கூடாது. உலர்ந்த மணல் போட்ட தகர டின்னில், சரக்குக்கு விலகி வைத்து, விரைவில் சேகரிப்பு மையத்தில் சேர்த்துவிடுங்கள்.

இ) பழைய டியூப் லைட், சி.எப்.எல். பல்புகளை, புதியது வந்த அட்டையிலேயே போட்டு உடையாமல் நிறுத்தி வையுங்கள். உடைந்தால் ஜன்னலைத் திறந்து, ஆட்கள் கால் மணி நேரம் வெளியே போக வேண்டும். துடைப்பம் போடக் கூடாது. கெட்டி அட்டையால் வாரி, ஒட்டு டேப்பால் துகள்களை ஒற்றி எடுத்து, மூடியுள்ள கண்ணாடிப் பாட்டிலில் அடைக்க வேண்டும். எல்.ஈ.டி. விளக்கில் பாதரசம் இல்லை என்பதையும் வாடிக்கையாளருக்குச் சொல்லலாம்.

ஈ) பூச்சி மருந்து விற்பவர்கள் விவசாயியிடம் சொல்ல வேண்டியது: காலி டப்பாவை மூன்று முறை அலசி, அலசிய தண்ணீரைத் தெளிப்பானிலேயே ஊற்ற வேண்டும். பிறகு டப்பாவை ஓட்டை போட்டுவிட வேண்டும். அதில் தண்ணீரோ எண்ணெயோ பிடிக்கவே கூடாது.

உ) பெயிண்ட், தின்னர் மிச்சத்தைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது. தேவைக்கு அளந்து விற்றால் மிச்சமே குறையும்.

ஊ) ஊசியைக் கெட்டியான, குத்தினாலும் துளைக்காத டப்பாவில் அடைத்து மூடித் தனியாகக் கொடுக்கும்படி மருந்துக் கடைக்காரர்கள் வாடிக்கையாளருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

5. "இதில் நமக்கு என்ன லாபம்?"

நியாயமான கேள்வி. ரொக்க லாபம் அதிகம் இல்லை. இடமும் நேரமும் கொஞ்சம் செலவாகும். ஆனால் பழைய பேட்டரி போட வருகிறவர், புதிய பேட்டரியையும் அதே கடையில்தான் வாங்குவார். மொத்த வியாபாரிகளான நமக்கு இன்னொரு வசதி உண்டு. சரக்கு இறக்கிய நம் லோடு ஆட்டோ திரும்பும்போது காலியாகத்தான் வருகிறது. பத்து சில்லறைக் கடைகளின் டப்பாக்களை அதில் ஏற்றி வந்து, கம்பெனியின் சேகரிப்பு ஏஜெண்டிடமோ உள்ளாட்சி மையத்திலோ சேர்த்து, ரசீது வாங்கி வைத்தால் போதும். சில்லறைக்காரர் தனியாகச் செய்ய முடியாததை மொத்தக்காரர் செய்து கொடுக்கலாம். பதிவு பெற்ற மறுசுழற்சியாளருக்கு அல்லாமல், விலை அதிகம் தருகிறார் என்று கண்டவரிடம் பேட்டரியைக் கொடுப்பது மட்டும் கூடாது. அந்த அதிக விலையின் மீதியை யாரோ ஒரு குழந்தை கட்டுகிறது.

6. முதல் வேலை

உங்கள் வார்டில் அபாயக் கழிவு வாங்கும் இடம் எது, எந்த நாளில் வாங்குகிறார்கள் என்று நகராட்சி அல்லது பேரூராட்சி சுகாதார ஆய்வாளரிடம் இந்த வாரமே கேட்டு எழுதி வையுங்கள். இடம் இல்லை என்று பதில் வந்தால், சங்கத்தின் பெயரில் எழுத்து மூலம் கேட்போம். ஒரு கடைக்காரர் தனியாகக் கேட்பதைவிடக் கடைத்தெருவே சேர்ந்து கேட்டால் காரியம் நடக்கும். கேட்டு வந்த விவரத்தை எழுதிக் கடை வாசலில் ஒட்டுங்கள். வாடிக்கையாளர் படித்துத் தெரிந்துகொள்வார்.