முதலில் தண்ணீர், பிறகுதான் துணி: அட்லாண்டாவின் மஞ்சள் வாரங்களில் கார் பராமரிப்பு

காரின் மேல் மஞ்சள் தூள் படிந்திருந்தால் காய்ந்த துணியோடு அதன் பக்கம் போகாதீர்கள். ஆல்ஃபரெட்டா, ஜான்ஸ் கிரீக், கம்மிங் என்று அட்லாண்டாவின் வடக்கே வீடு வைத்திருக்கும் நம்மவர்களுக்கு மார்ச் மூன்றாம் வாரத்தில் முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான். இதை மட்டும் கடைப்பிடித்தாலும் காரின் வண்ணம் தப்பிவிடும்.

வீதியெல்லாம் நிற்கும் பைன் மரங்கள், குறிப்பாக லாப்லாலி பைன்கள், மகரந்தத்தை அவிழ்த்துவிடும் காலம் இது. பூச்சியை நம்பாமல் காற்றை நம்பும் மரம் என்பதால் அளவு பார்க்காமல் கொட்டும். ஒவ்வொரு மகரந்த மணியிலும் இரண்டு காற்றுப்பைகள் உண்டு. அவற்றின் உதவியால் வெகுதூரம் மிதந்து வரும். பக்கத்தில் பைன் மரமே இல்லை என்பவர்களின் வாசலிலும் மஞ்சள் படிவது அதனால்தான். ஒரு கன மீட்டர் காற்றில் எத்தனை மணிகள் என்று அட்லாண்டா அலர்ஜி அண்ட் ஆஸ்துமா மருத்துவக் குழு எண்ணி வெளியிடுகிறது. 1,500-ஐத் தாண்டினாலே அது உச்ச வகையில் சேரும். 2012 மார்ச் 20-ஆம் தேதி 9,369 பதிவானது. பல ஆண்டுகள் நின்ற அந்த உச்சத்தை 2025 மார்ச் 29-ஆம் தேதி பதிவான 14,801 முறியடித்தது. எனவே இந்த மூன்று நான்கு வாரங்களில் கார் பளபளவென்று நிற்க வேண்டும் என்று ஆசைப்படாதீர்கள். காலையில் கழுவினால் மாலையில் மறுபடி மஞ்சள்தான். வண்ணத்தில் கீறல் விழாமல் இருக்க வேண்டும், உள்ளே மூச்சுவிடும் காற்று சுத்தமாக இருக்க வேண்டும். இந்த இரண்டையும் காப்பாற்றினால் போதும்.

கீறல் எப்படி விழுகிறது? வண்ணத்தின் மேல் ‘கிளியர் கோட்’ என்ற நிறமற்ற பூச்சு ஒன்று இருக்கிறது. அதன் தடிமன் சாதாரணத் தாளின் தடிமனில் பாதி அளவுதான். மகரந்த மணியின் வெளி ஓடு எளிதில் சிதையாத உறுதி கொண்டது. அதோடு சாலைப் புழுதியும் மணலும் கலந்திருக்கும். துணியை வைத்து அழுத்தித் தேய்க்கும்போது அந்தக் கலவை முழுவதும் பூச்சின் மேல் உரசிக்கொண்டு போகிறது. வெயிலில் பார்த்தால் வட்ட வட்டமாகத் தெரியும் மெல்லிய கோடுகள் அப்படி வந்தவைதான். கறுப்பு, கருநீலக் கார்களில் அவை இன்னும் அப்பட்டமாகத் தெரியும்.

ஊரிலிருந்து அம்மா அப்பா வந்திருக்கும் வீடுகளில் இதைக் கூடுதல் அக்கறையோடு சொல்லிவையுங்கள். விடிந்ததும் துணியை எடுத்து வண்டியைத் துடைத்துவைப்பது அப்பாவுக்கு நாற்பது ஆண்டுப் பழக்கமாக இருக்கும். பிள்ளையின் கார் அழுக்காக நிற்பதைப் பார்த்துக்கொண்டு அவரால் சும்மா இருக்க முடியாது. “வேண்டாம்பா, விட்டுடுங்க” என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் மனம் வருந்துவார். தண்ணீர்க் குழாயைக் கையில் கொடுத்து, “துடைக்க வேண்டாம்பா, தண்ணி மட்டும் அடிச்சு விடுங்க” என்று சொல்லுங்கள். காருக்கும் நல்லது, அவருக்கும் காலையில் ஒரு வேலை இருக்கும். அவருக்கு ஆஸ்துமாவோ இழுப்போ இருந்தால் அந்த வேலையும் வேண்டாம். இந்த வாரங்களின் காலைக் காற்று அவருக்கு ஆகாது.

இனி கழுவும் முறை. வெயில் சுட்ட தகட்டில் ஷாம்பூ உடனே காய்ந்து திட்டுத்திட்டாக நிற்கும். ஆகவே காரை நிழலில் நிறுத்தி, பானெட் கைக்குச் சூடாக இல்லாத நேரத்தில் தொடங்குங்கள். முதல் வேலை வெறும் தண்ணீர். கூரையிலிருந்து ஆரம்பித்துக் கண்ணாடிகள், பானெட், டிக்கி, கதவுகள் என்று மேலிருந்து கீழாக வழியவிடுங்கள். அவசரப்பட வேண்டாம். மஞ்சள் ஓடை நின்று தெளிந்த தண்ணீர் வழியும் வரை துணி தொடக் கூடாது. வார நாட்களில் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை இப்படித் தண்ணீர் விட்டாலே போதும்.

வாரக் கடைசியில் ஷாம்பூ போடுங்கள். ஒரு வாளியில் ஷாம்பூத் தண்ணீர், இன்னொன்றில் வெறும் தண்ணீர். மைக்ரோஃபைபர் கையுறையை முதல் வாளியில் நனைத்து ஒரு பகுதியைக் கழுவியதும், இரண்டாவது வாளியில் நன்றாக அலசிவிட்டுத்தான் மறுபடி ஷாம்பூவுக்குப் போக வேண்டும். இல்லாவிட்டால் எடுத்த தூளையே திரும்பப் பூசுகிறோம். அழுத்தாதீர்கள், கையுறையின் எடையே போதும். பாத்திரம் தேய்க்கும் சோப்பு வேண்டவே வேண்டாம். அது எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பதுபோல வாக்ஸ் பூச்சையும் எடுத்துவிடும். காருக்கென்று விற்கும் ஷாம்பூவே போதும், விலையுயர்ந்தது தேவையில்லை. கழுவி முடித்ததும் தானாகக் காயட்டும் என்று விட்டுவிடாமல், பெரிய மைக்ரோஃபைபர் துண்டை விரித்து ஒற்றி எடுங்கள். ஈரத்தில் மகரந்தம் உடனே ஒட்டிக்கொள்ளும்.

இந்தப் பருவத்துக்கு முன்பே வாக்ஸோ சீலன்ட்டோ போட்டிருந்தால் தூள் வெறும் தண்ணீரிலேயே வழுக்கிக்கொண்டு போகும். போடாதவர்கள் அடுத்த ஷாம்பூக் கழுவலுக்குப் பின் தெளிக்கும் வகை வாக்ஸ் ஒன்றைப் போட்டுவிடுங்கள். கால் மணி நேர வேலைதான். பின்னால் வரும் ஒவ்வொரு கழுவலிலும் அதன் பலன் தெரியும்.

ஷாம்பூ கலந்த தண்ணீர் எங்கே போகிறது என்பதையும் கவனியுங்கள். தெருவோர மழைநீர் வடிகாலில் விழுவது சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போவதில்லை. நேராக ஓடைக்கும் அங்கிருந்து ஆற்றுக்கும் போகிறது. சட்டஹூச்சி ஆற்றிலிருந்துதான் இந்த வட்டாரத்தின் பெரும்பகுதி குடிக்கிறது. புல்தரை ஓரமாகக் காரை நிறுத்திக் கழுவ முடிந்தால் அப்படிச் செய்யுங்கள்.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்குக் குழாய் வசதி இருக்காது. ஸ்பிரே பாட்டிலும் துணியுமாகச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். இவ்வளவு கனமான படிவுக்கு அது காய்ந்த துணியைவிடக் கொஞ்சம்தான் மேல். நாமே தண்ணீர் பீய்ச்சிக் கழுவும் வசதியுள்ள கார் வாஷுக்குப் போங்கள். பீய்ச்சும் குழலை வண்ணத்துக்கு ஒரு அடிக்கு மேல் தள்ளியே பிடியுங்கள். தானியங்கி நிலையம்தான் வசதி என்றால் தூரிகை தொடாத வகையைத் தேடுங்கள். உங்களுக்கு முன்னால் போன காரின் மஞ்சள் முழுவதும் சுழலும் தூரிகையில் ஒட்டியிருக்கும்.

மழை பெய்துவிட்டதே, இனி எதற்குக் கழுவ வேண்டும் என்று நினைக்கத் தோன்றும். ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்த மழை என்றால் சரி, பாதி வேலை முடிந்தது. தூறல்தான் ஆபத்து. தூளை நனைத்து, கழுவாமல், வளையம் வளையமாக உட்காரவைத்துவிட்டுப் போய்விடும். மேலே வெயில் அடித்ததும் அது இறுகும். வாக்ஸ் தேய்ந்துபோன வண்ணத்தில், அதிலும் வெள்ளைக் கார்களில், மஞ்சள் கறை நிற்க இதுவே காரணம். தூறிய நாளன்று மாலையே தண்ணீர் விட்டுவிடுங்கள். இரவுப் பனியில் நனைந்து காலையில் காய்வதும் இதே கதைதான்.

முன்கண்ணாடியில் தூள் இருக்கும்போது வைப்பரைப் போடாதீர்கள். கிளம்பும் முன் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றுங்கள். பிறகு வைப்பர் ரப்பரின் விளிம்பை ஈரத் துணியால் ஒரு முறை இழுத்துத் துடையுங்கள். துணி எவ்வளவு மஞ்சளாகிறது என்று பார்த்தால் காரணம் புரியும். பின்பக்கக் கேமராவின் வில்லையையும் நனைத்துத் துடைக்க மறக்காதீர்கள். பின்னால் ஓடிவரும் குழந்தையை அந்தக் கேமராதான் காட்டுகிறது.

உள்ளே இருக்கும் காற்றைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. கண்ணுக்குத் தெரியும் பைன் தூள் பெரியது, கனமானது. அது பெரும்பாலானவர்களுக்கு ஒவ்வாமையைத் தருவதில்லை. மூக்கை அடைப்பதும் கண்ணை அரிக்கவைப்பதும் இதே நாட்களில் ஓக், பிர்ச் மரங்கள் விடும் சிறிய மகரந்தம். அது கண்ணுக்குத் தெரியாது. பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளிக்கு அழைத்துப்போகும் அரைமணிப் பயணத்தில் ஏசி வழியாக உள்ளே வருவது அதுதான். இந்த வாரங்களில் கார்க் கண்ணாடிகளை ஏற்றியே வையுங்கள். உள்காற்றையே சுழலவிடும் பொத்தானைப் போட்டுக்கொள்ளுங்கள். நெடும்பயணம் என்றால் அவ்வப்போது சில நிமிடங்கள் வெளிக்காற்றுக்கு மாற்றுங்கள். மூடிய காரில் காற்று கனத்துத் தூக்கம் வரும். கதவைத் திறந்தால் தெரியும் உள்விளிம்புகளில் சேரும் தூள் நேராக இருக்கையில்தான் விழும். அவற்றை ஈரத் துணியால் துடையுங்கள். டாஷ்போர்டுக்கும் ஈரத் துணிதான். குழந்தை இருக்கையின் துணி உறையைக் கழற்ற முடிந்தால் துவைத்துவிடுங்கள்.

ஏசிக்கு வெளிக்காற்று நுழையும் இடம் பெரும்பாலான கார்களில் முன்கண்ணாடியின் அடியில், வைப்பர்கள் படுத்திருக்கும் பள்ளத்தில் இருக்கிறது. காரிலேயே அதிகம் மகரந்தம் குவிவதும் அங்கேதான், நாம் மறப்பதும் அதைத்தான். பானெட்டைத் திறந்து பாருங்கள். ஏப்ரலில் ஓக் மரங்கள் உதிர்க்கும் பழுப்பு நிறப் பூச்சரங்கள் அந்தப் பள்ளத்தில் பாய் விரித்ததுபோல் கிடக்கும். கையால் அள்ளிப் போடுங்கள். தண்ணீரைப் பீய்ச்சித் துவாரத்துக்குள் தள்ளிவிடாதீர்கள். வடிகால் துளை அடைபட்டால் அடுத்த பெருமழையின் தண்ணீர் காருக்குள் கால் வைக்கும் இடத்துக்கு வரும். சன்ரூஃப் உள்ளவர்கள் அதைத் திறந்து, ஓரத் தடத்தையும் மூலையிலுள்ள வடிகால் துளைகளையும் பார்த்துவிடுங்கள்.

தூசு படிந்த காரின் மேல் உறை போடுவது துடைப்பதற்குச் சமம். காற்றில் உறை அசையும்போதெல்லாம் உரசும். கழுவிக் காய்ந்த பிறகு போடலாம். கராஜில் இடம் இருந்தால் அட்டைப்பெட்டிகளை ஒதுக்கிவிட்டு இந்த மாதமாவது காரை உள்ளே விடுங்கள். இலை ஊதும் கருவியால் தூளை ஊதித் தள்ளுகிறவர்களும் உண்டு. வண்ணத்துக்கு அதனால் கெடுதல் இல்லை, ஆனால் அவ்வளவும் உங்கள் மூக்குக்கும் பக்கத்து வீட்டு ஜன்னலுக்கும் போகிறது. நான் அதைச் செய்யச் சொல்ல மாட்டேன்.

சித்திரை முதல் நாளுக்குக் காரைக் கழுவிப் பொட்டு வைக்கிறவர்கள் தாராளமாகச் செய்யலாம். ஏப்ரல் 14 வாக்கில் பைனின் வேகம் பெரும்பாலும் தணிந்திருக்கும். ஆனால் மஞ்சள் நின்றதால் பருவம் முடிந்துவிட்டதாக எண்ணி ஜன்னலைத் திறந்துவிடாதீர்கள். ஓக் இன்னும் இருக்கும், அதன் பின் மே மாதத்தில் புல் மகரந்தம் வரும். ஏசி வழியாக உள்ளே வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டரை மாற்ற ஓக் சரங்கள் உதிர்ந்து முடிந்த பிறகான வாரமே சரியான நேரம். இப்போதிருப்பது ஒரு வருடத்துக்கும் பழையது என்றால் காத்திருக்க வேண்டாம், இன்றே மாற்றுங்கள். பல கார்களில் அது டாஷ்போர்டின் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால்தான் இருக்கிறது. கருவி எதுவும் இல்லாமல் பத்து நிமிடத்தில் நாமே மாற்றிவிடலாம். பழையதை வெளியே எடுக்கும்போது தட்டாமல், நேராக ஒரு பையில் போட்டு வாயைக் கட்டிவிடுங்கள். புதியதில் காற்று போகும் திசையைக் காட்டும் அம்புக்குறியைப் பார்த்துப் பொருத்துங்கள்.